விக்டோரியா அருவி: எந்த மாதம், எந்தக் கரை, எந்த நேரம்

ஆப்பிரிக்காவில் ஜாம்பியா, ஜிம்பாப்வே எல்லையில் இருக்கும் விக்டோரியா அருவிக்குப் போய் ஏமாந்து திரும்புகிறவர்கள் இரண்டு வகை. ஏப்ரலில் போனவர், "வெள்ளைப் புகையைத் தவிர ஒன்றுமே தெரியவில்லை" என்பார். நவம்பரில் ஜாம்பியா பக்கம் போனவர், "வெறும் பாறைச்சுவரைக் காட்டி டிக்கெட் கிழித்தார்கள்" என்பார். இரண்டு பேரும் சொல்வது உண்மைதான். ஒரே அருவி, ஆறு மாத இடைவெளியில் இரண்டு வேறு அருவிகளாகிவிடுகிறது. அதனால் விமான டிக்கெட், ஹோட்டல், விசா எல்லாவற்றுக்கும் முன்னால் மாதத்தை முடிவு செய்யுங்கள். மாதம் முடிவானால் எந்தக் கரை என்பது தானாக முடிவாகிவிடும்.

அருவி எப்படி அமைந்திருக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் எல்லையாக ஓடும் ஜாம்பெசி ஆறு இங்கே மலையிலிருந்து சமவெளிக்கு விழுவதில்லை. சமதரையில் அகலமாக, அவசரமில்லாமல் ஓடிவந்து, தரையில் விட்ட வெடிப்பு போன்ற ஒரு பள்ளத்துக்குள் சட்டென்று இறங்கிவிடுகிறது. விழும் விளிம்பின் நீளம் சுமார் 1,700 மீட்டர். மிக உயரமான இடத்தில் வீழ்ச்சி 108 மீட்டர். ஆனால் அந்தப் பள்ளத்தின் அகலம் ஏறக்குறைய 60 முதல் 120 மீட்டர்தான். எதிர்ச்சுவரும் அருவி விழும் விளிம்பின் மட்டத்திலேயே இருக்கிறது. நடைபாதையும் பார்வை இடங்களும் அந்த எதிர்ச்சுவரின்மேல்தான்.

குற்றாலத்தில் அருவிக்கு அடியில் போய் நிற்போம், அண்ணாந்து பார்ப்போம். இங்கே அருவியின் உச்சிக்கு நேர் எதிரே நின்று, குனிந்து பார்க்கிறோம். அருவிக்கு அடியில் குளிக்கிற பேச்சே கிடையாது. ஆனால் குளிக்காமலே நனைவீர்கள். காரணம், விழுந்த தண்ணீர் வெளியேற அந்த நீண்ட பள்ளத்தில் ஒரே ஒரு வாசல்தான் இருக்கிறது. மேற்கு முனையிலிருந்து சுமார் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், 110 மீட்டர் அகலத்தில். குறுகலான இடத்தில் அத்தனை தண்ணீர் மோதும்போது அடிபட்ட காற்று சாரலைத் தூக்கிக்கொண்டு நேராக மேலே ஏறுகிறது. சாதாரணமாகவே 400 மீட்டர் உயரம் போகும். பிறகு அது எதிர்ச்சுவரின்மேல், அதாவது உங்கள்மேல், மழையாக விழும். சுற்றிலும் காய்ந்த புதர்க்காடாக இருக்க, அருவிக்கு எதிரே ஒரு பட்டையில் மட்டும் மழைக்காடு பச்சைப்பசேல் என்று நிற்பது இந்தச் சாரலால்தான். உள்ளூர்ப் பெயரான 'மோசி-ஓவா-துன்யா'வுக்கு 'முழங்கும் புகை' என்று பொருள். வெள்ளக் காலத்தில் அந்தப் புகை முப்பது, நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தும் தெரியும்.

மேற்கிலிருந்து கிழக்காக அருவியின் பகுதிகள்: டெவில்ஸ் கேடராக்ட், மெயின் ஃபால்ஸ், ஹார்ஸ்ஷூ ஃபால்ஸ், ரெயின்போ ஃபால்ஸ், கடைசியில் ஈஸ்டர்ன் கேடராக்ட். இந்த வரிசையை மனதில் வையுங்கள். ஆற்றின் படுகை மேற்குப் பக்கம் தாழ்வாகவும் கிழக்குப் பக்கம் சற்று மேடாகவும் இருக்கிறது. தண்ணீர் குறையக் குறைய முதலில் காய்வது கிழக்கு. ஈஸ்டர்ன் கேடராக்டைப் பார்ப்பது ஜாம்பியா கரையிலிருந்து. மற்றவற்றில் பெரும்பகுதியைப் பார்ப்பது ஜிம்பாப்வே கரையிலிருந்து. போதாக்குறைக்கு ஜாம்பியாவின் 108 மெகாவாட் நீர்மின் நிலையமும் கிழக்குப் பக்கத்துத் தண்ணீரைத்தான் திருப்பிக்கொள்கிறது. நவம்பரில் ஜாம்பியா பக்கம் போனவர் பாறைச்சுவரை மட்டும் பார்த்த கதையின் காரணம் இவ்வளவுதான்.

மாதம்

இந்தப் பகுதியில் மழைக்காலம் நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை. ஆனால் அருவியில் தண்ணீர் உச்சத்தில் இருப்பது மழை நின்ற பிறகு, ஏப்ரலை ஒட்டி. ஜாம்பெசி பிறப்பது ஜாம்பியாவின் வடமேற்கு மூலையில். அங்கிருந்து அங்கோலாவுக்குள் போய், மறுபடி ஜாம்பியாவுக்குள் வந்து, பாரோட்ஸே என்ற பரந்த வெள்ளச் சமவெளியில் பரவித் தேங்கி, அப்புறம்தான் அருவிக்கு வருகிறது. மேலே பெய்த மழை கீழே வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். உள்ளூரில் கொட்டுகிற மழையைப் பார்த்து அருவியை எடைபோட்டால் ஜனவரியில் தவறாமல் ஏமாறுவீர்கள். வானம் கறுத்திருக்கும், ஊர் நனைந்திருக்கும், அருவியில் தண்ணீர் பாதிகூட வந்திருக்காது.

மார்ச் கடைசி முதல் மே வரை அருவியின் முழு பலம். ஆண்டுச் சராசரி நீரோட்டம் விநாடிக்கு சுமார் 1,100 கன மீட்டர். ஏப்ரலில் அதைப்போலப் பல மடங்கு போகும். காது அடைக்கும். தரை அதிர்வது காலில் தெரியும். கண்ணுக்கு மட்டும் வேலை குறைவு, நடுப்பகுதியில் எதிரே நின்றால் சாரல் திரைபோல் மறைத்துவிடும். காற்று ஒரு கணம் திசை மாறினால் திரை விலகி, கருத்த பாறை விளிம்பும் அதன்மேல் உருண்டு வரும் தண்ணீரும் மூன்று நான்கு நொடி தெரியும். மறுபடி மூடிக்கொள்ளும். இந்த மாதங்களில் போகிறவர்கள் ஒரே இடத்தில் பத்து நிமிடம் பொறுமையாக நிற்க வேண்டும். அவசரமாக நடந்துபோனால் எதுவும் அகப்படாது. அருவியை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் இந்த மாதங்களில் மேலே பறந்து பார்ப்பது ஒன்றுதான் வழி.

ஜூன் பிற்பாதி முதல் ஆகஸ்ட் நடுவரை. வாழ்க்கையில் ஒரே முறைதான் போக முடியும் என்றால் இந்தப் பருவத்தைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இன்னும் தாராளமாக இருக்கும், சாரல் தணிந்திருக்கும், வானம் தெளிவாக இருக்கும், இரண்டு கரையும் பார்க்கத் தகுந்ததாக இருக்கும். ஒரே தொல்லை குளிர். விடியற்காலையில் பத்து டிகிரிக்குக் கீழே போகும், அந்தக் குளிரில் நனைந்தால் பல் தந்தியடிக்கும்.

செப்டம்பரில் கிழக்குப் பகுதி இழை இழையாகப் பிரிய ஆரம்பிக்கும். அக்டோபர், நவம்பரில் ஜாம்பியா கரைக்கு எதிரே ஏறக்குறைய வறண்ட சுவர். டெவில்ஸ் கேடராக்டும் மெயின் ஃபால்ஸும் மட்டும் ஆண்டு முழுக்க ஓடும், அதனால் இந்த மாதங்களில் ஜிம்பாப்வே கரைதான். வெயில் 35 டிகிரியைத் தாண்டும். ஆனாலும் இந்தப் பருவத்தை வீண் என்று ஒதுக்க முடியாது. பள்ளத்தின் அடிவரை பார்வை போவது இப்போதுதான். ஸ்காட்லாந்து ஆய்வுப் பயணி டேவிட் லிவிங்ஸ்டன் இங்கே வந்தது 1855 நவம்பர் 16. தண்ணீர் குறைந்த காலம் என்பதால்தான் ஒரு சிறு படகில் அருவியின் விளிம்பிலேயே உள்ள தீவில் அவரை இறக்க முடிந்தது. ஏப்ரலில் வந்திருந்தால் தூரத்திலிருந்து புகையைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்.

எல்லா ஆண்டும் ஒரேபோல் இருக்காது. ஜாம்பெசி நதி ஆணையம் அருவியின் அன்றாட நீரோட்ட அளவைத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து அந்த எண்ணைப் பாருங்கள். விநாடிக்கு 300 கன மீட்டரை ஒட்டி இருந்தால் ஜாம்பியா கரையை விட்டுவிடலாம். 1,000 இருந்தால் இரண்டு கரைக்கும் போகலாம். 2,000 தாண்டினால் உடம்பிலுள்ள எல்லாமே நனையும் என்று தயாராகப் போங்கள். மாதப் பெயரைவிட இந்த எண் நம்பகமானது.

எல்லையும் காகிதமும் காசும்

இரண்டு ஊர்கள். ஜிம்பாப்வே பக்கம் விக்டோரியா ஃபால்ஸ் என்ற சிறு ஊர். ஊரின் நடுவிலிருந்து அருவிப் பூங்காவின் வாசலுக்குப் பகலில் நடந்தே போகலாம். ஜாம்பியா பக்கம் லிவிங்ஸ்டன் நகரம். அங்கிருந்து அருவி சுமார் 10 கிலோமீட்டர், டாக்ஸி பிடிக்க வேண்டும். இரண்டு ஊருக்கும் தனித்தனி விமான நிலையம் இருக்கிறது. எது மலிவாகக் கிடைக்கிறதோ அதில் இறங்குங்கள், நடுவில் பாலம் இருப்பதால் மறுபக்கம் போவது பெரிய விஷயமில்லை. பெரும்பாலும் ஜொகன்னஸ்பர்க் வழியாகத்தான் வருவார்கள். அங்கே இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளாக எடுத்தால் பெட்டியை வெளியே எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டிவரும். அதற்குத் தென்னாப்பிரிக்காவுக்குள் நுழைந்தாக வேண்டும், விசா தேவைப்படும். ஒரே டிக்கெட்டாக, பெட்டி கடைசி ஊர்வரை போகும்படி எடுத்தால் இந்தச் சிக்கல் வராது.

விசாவில் அடிக்கடி நடக்கிற தவறு ஒன்று. ஒரு நாட்டுக்கு ஒற்றை நுழைவு விசா வாங்கிக்கொண்டு, "சும்மா பாலத்தைத் தாண்டி எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று மறுபக்கம் போவார்கள். திரும்பும்போது அந்த விசா செத்துப்போயிருக்கும், மறுபடி பணம் கட்டச் சொல்வார்கள். இதற்காகவே காசா யூனிவிசா என்று ஒன்று இருக்கிறது. 50 அமெரிக்க டாலர், 30 நாள் செல்லும், ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வரலாம். கசுங்குலா எல்லை வழியாக போட்ஸ்வானாவுக்குப் பகல்நேரப் பயணமும் போய்வரலாம். எல்லா நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கும் இது கிடையாது. உங்கள் பாஸ்போர்ட் பட்டியலில் இருக்கிறதா என்று இரண்டு நாடுகளின் குடிவரவுத் துறைத் தளங்களிலும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கவுன்டரில் "விசா" என்று மட்டும் சொன்னால் சாதாரண விசாவை ஒட்டிவிடுவார்கள். "காசா" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பணத்தை டாலர் நோட்டாகக் கையில் வைத்திருங்கள்.

பாலத்தை மட்டும் பார்க்க விசாவே வேண்டாம். எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட்டைக் காட்டி 'பிரிட்ஜ் பாஸ்' என்று கேட்டால் ஒரு துண்டுச்சீட்டு தருவார்கள். அதை வைத்துக்கொண்டு பாலம்வரை போய்த் திரும்பலாம். 1905-ல் திறந்த இந்த எஃகு வளைவுப் பாலம் 198 மீட்டர் நீளம், ஆற்றுக்கு மேலே 128 மீட்டர் உயரம். ரயிலும் லாரியும் நடந்துபோகிறவர்களும் ஒரே பாலத்தில். கயிறு கட்டிக் குதிக்கிறவர்கள் குதிப்பதும் இங்கிருந்துதான், 111 மீட்டர்.

நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு ஜிம்பாப்வே பக்கம் 50 டாலர், ஜாம்பியா பக்கம் 20 டாலர். அவ்வப்போது மாற்றுவார்கள். ஒரு டிக்கெட்டுக்கு ஒரு நுழைவுதான் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். சாப்பிட வெளியே போய் மறுபடி வரலாம் என்று நினைக்காதீர்கள். ஜிம்பாப்வேயில் அமெரிக்க டாலர் எல்லா இடத்திலும் ஓடும், ஆனால் சில்லறைக்குப் பஞ்சம். 100 டாலர் நோட்டை நீட்டினால் மீதிக்கு அரை மணி நேரம் அலைவார்கள். ஒன்று, ஐந்து, பத்து டாலர் நோட்டுகளாக எடுத்துப் போங்கள். கிழிசல், கிறுக்கல், பழைய வடிவ நோட்டுகளை இரு பக்கமும் வாங்க மறுப்பார்கள். ஜாம்பியாவில் சிறு செலவுக்கு உள்ளூர்ப் பணமான குவாச்சா நல்லது. பாலத்துக்கருகே ஒருவர் வந்து நூறு டிரில்லியன் டாலர் நோட்டு வேண்டுமா என்பார். கள்ளநோட்டு என்று பயப்பட வேண்டாம். பணவீக்கத்தின் உச்சத்தில் 2009-ல் ஜிம்பாப்வே வெளியிட்ட நிஜ நோட்டுதான் அது, செல்லாது என்பது மட்டும்தான் குறை. நினைவுக்கு வாங்குவதானால் பேரம் பேசி வாங்குங்கள்.

வெயில் எந்தப் பக்கம்

வானவில்லுக்கு ஒரே விதி. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். அருவி விளிம்பு ஏறக்குறைய கிழக்கு மேற்காக ஓடுகிறது, நீங்கள் தெற்கே நின்று வடக்கே பார்க்கிறீர்கள். அதனால் காலையில் பள்ளத்தின் வழியே இடப்பக்கம், மேற்கு நோக்கிப் பாருங்கள். மாலையில் வலப்பக்கம், கிழக்கு நோக்கிப் பாருங்கள். நடுப்பகலில் வானவில் ஆழத்துக்குப் போய்விடும் அல்லது காணாமல் போகும், படமும் வெளிறிப்போகும்.

இந்த விதியை வைத்தே ஒரு நாள் திட்டம் போடலாம். காலை ஆறு மணிக்கு வாசல் திறந்ததும் ஜாம்பியா பக்கம் போய்விடுங்கள், அங்கே கிழக்கு முனையில் நின்று மேற்கே பார்ப்பீர்கள். பத்து, பத்தரைக்குக் கிளம்பிப் பாலத்தைத் தாண்டுங்கள். இரண்டு சாவடியிலும் வரிசை, நடை, பாலத்தில் வேடிக்கை எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். சாப்பிட்டு, இரண்டரை மணிக்கு ஜிம்பாப்வே பூங்காவுக்குள் நுழைந்து மேற்கு முனையிலிருந்து ஆரம்பித்தால், சாயங்கால வெயில் முதுகில் விழும். ஆறு மணிக்கு வாசல் மூடுவார்கள். ஜிம்பாப்வேயில் தங்கி அங்கே மட்டும் பார்ப்பதானால், காலையில் போகிறவர்கள் கிழக்கு முனையான டேஞ்சர் பாயின்ட்டில் தொடங்கி மேற்கே வாருங்கள். பூங்கா வரைபடம் காட்டும் வரிசைக்கு இது நேர்மாறு. கூட்டமும் உங்களுக்கு எதிர்த்திசையில் போகும், அதுவும் வசதிதான்.

ஜிம்பாப்வே கரை

பார்வை இடங்களுக்கு எண் போட்டிருக்கிறார்கள். போக, வர எல்லாம் சேர்த்துச் சுமார் மூன்று கிலோமீட்டர், பெரும்பாலும் சமதரை. நின்று நின்று பார்த்தால் இரண்டரை மணி நேரம். மேற்கு முனையில் லிவிங்ஸ்டன் சிலை. அதற்குப் பக்கத்தில் படி இறங்கினால் டெவில்ஸ் கேடராக்ட் கிட்டத்தில் தெரியும். மற்றப் பகுதிகளைவிட உயரம் குறைவு, வேகம் அதிகம். இங்கே கொஞ்ச நேரம் நிற்கலாம். இந்த அருவி நிலையாக ஓரிடத்தில் இருப்பதல்ல. எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட் பாறையில் குறுக்கே ஓடும் பலவீனமான விரிசல்களை ஆறு அரித்து அரித்து, அருவியைப் பின்னோக்கி நகர்த்திக்கொண்டே வந்திருக்கிறது. கீழே வளைந்து வளைந்து போகும் பள்ளத்தாக்குகள் எல்லாம் ஒரு காலத்தில் அருவி விழுந்த இடங்கள். அடுத்த விரிசலை ஆறு அறுக்கத் தொடங்கியிருப்பது டெவில்ஸ் கேடராக்டில்தான்.

அதிகமாக நனைவது மெயின் ஃபால்ஸ் தொடங்கி ஹார்ஸ்ஷூ வரை. அதைத் தாண்டிக் கிழக்கே போனால் மரங்கள் விலகி, வழுக்குப் பாறையாகும். டேஞ்சர் பாயின்ட்டில் கைப்பிடிச் சுவர் இல்லை. பல இடங்களில் வேலி என்பதே அடுக்கிவைத்த முள்கிளைகள்தான். பாறைமேல் பச்சைப் பாசி கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாக இருக்கும். கறுப்பாக மினுங்கும் இடத்தில் கால் வைக்காமல், சொரசொரப்பாக மங்கியிருக்கும் இடமாகப் பார்த்து வையுங்கள். ஈரத்தில் ரப்பர் செருப்பு கூடவே கூடாது. பின்வார் உள்ள, அடிப்பாகம் பிடிப்பான சாண்டல்தான் சரி. செல்ஃபிக்காக முதுகைப் பள்ளத்துக்குக் காட்டிப் பின்னால் நகர்வதைவிட மோசமான யோசனை இங்கே வேறு இல்லை.

ஜாம்பியா கரை

இது சிறியது, ஆனால் நெருக்கமானது. நைஃப் எட்ஜ் பிரிட்ஜ் என்ற குறுகிய நடைபாலம் இரண்டு பாறை முகடுகளை இணைக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் அதன்மேல் போனால் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் கீழிருந்தும் தண்ணீர் அடிக்கும். குடை வாங்கிப் போகிறவர்கள் பாலத்தின் பாதியில் குடைக்கம்பியை மட்டும் பிடித்துக்கொண்டு திரும்புவார்கள். இன்னொரு பாதை பாய்லிங் பாட் என்ற சுழலுக்கு, பனை வகை மரங்கள் அடர்ந்த ஓடை வழியாகப் படி இறங்கிப் போகிறது. அருவித் தண்ணீர் முழுவதும் அந்த ஒரே வாசல் வழியாக வந்து திரும்பும் இடம் அது. இறங்க இருபது நிமிடம், ஏற அதைப்போல இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் வேண்டாம். வெள்ளக் காலத்தில் இந்தப் பாதையை மூடிவிடுவார்கள். தண்ணீர் குறைந்த மாதங்களில் மேலே விளிம்புக்குப் பக்கத்தில் பாறைமேல் கூட்டிப்போகிறேன் என்று சிலர் வந்து கேட்பார்கள். சீருடையும் அனுமதியும் இல்லாதவர்களோடு போகாதீர்கள்.

நனைவது

வாசலில் ரெயின்கோட் வாடகைக்குக் கிடைக்கும். பலர் போட்டுக் கழற்றியது. சொந்தமாக முழங்கால்வரை இறங்கும் பான்ச்சோ (தலைவழியே மாட்டும் மழை அங்கி) ஒன்று கொண்டுபோவது மேல். அது மேலுடம்பைக் காக்கும். முழங்காலுக்குக் கீழே எதுவும் காக்காது. ஜீன்ஸ் நனைந்தால் நாள் முழுக்க ஈரமாகவே கிடக்கும், அதனால் மெல்லிய செயற்கைத் துணியில் அரைக்கால் சட்டையோ முக்கால் பேன்ட்டோ போடுங்கள். மாற்றுத் துணியைப் பிளாஸ்டிக் கவரில் கட்டிப் பைக்குள் வையுங்கள். பாஸ்போர்ட்டுக்கும் பணத்துக்கும் தனியாக ஒரு ஜிப் கவர். எல்லையில் முத்திரை மை கரைந்த பாஸ்போர்ட்டை நீட்டுவது நல்ல அனுபவம் இல்லை.

செல்போன்: தண்ணீர் புகாத கவர் வாங்கினால் முதல் நாள் ராத்திரியே அதற்குள் ஒரு டிஷ்யூ தாளைப் போட்டு மூடி, வாளித் தண்ணீரில் அரை மணி அமுக்கி வைத்துச் சோதியுங்கள். தாள் நனையாவிட்டால் போனைப் போடலாம். சூடான போனைக் கவருக்குள் போட்டு மூடினால் உள்ளே ஆவி படிந்து படமெல்லாம் மங்கும். கவருக்குள் ஒரு துண்டு காய்ந்த டிஷ்யூ வைத்தால் குறையும். நனைந்த திரை விரலைக் கண்டுகொள்ளாது. பெரும்பாலான போன்களில் ஒலியைக் கூட்டும் பொத்தானை அழுத்தினாலும் படம் எடுக்கும். முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள்.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு: லென்ஸைத் தரையைப் பார்த்தபடி பிடித்துத் துடையுங்கள், காற்று விலகும்வரை காத்திருங்கள், தூக்கியதும் எடுங்கள், உடனே மறுபடி கீழே. தூக்கிய மூன்று நொடியில் முதல் சொட்டு விழுந்துவிடும். துடைக்கும் துணி பத்து நிமிடத்தில் ஊறிப்போகும், நாலு துணியாவது வேண்டும். பாதையில் நின்று லென்ஸ் மாற்றும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

நிலா வானவில்

பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் பூங்காக்களை மறுபடி திறப்பார்கள், தனிக் கட்டணம். நிலா வெளிச்சத்தில் சாரலில் விழும் வானவில்லைப் பார்க்கத்தான். அதற்குச் சாரல் நிறைய வேண்டும், வானம் தெளிவாக வேண்டும். இரண்டும் சேர்ந்து அமைவது ஏப்ரல் முதல் ஜூலை வரை. நிலா கிழக்கே எழும்பிக் கொஞ்ச நேரத்தில், நீங்கள் மேற்கே பார்த்து நிற்க வேண்டும். நிலா உச்சிக்கு ஏற ஏற வில் கீழே இறங்கிவிடும். கண்ணுக்கு அது சாம்பல் கலந்த வெள்ளை வளைவாகத்தான் தெரியும், நிறம் தெரியவில்லை என்று ஏமாற வேண்டாம். கேமராவில் முக்காலி போட்டு, ஐஎஸ்ஓ 1600, எஃப் 2.8, பத்து முதல் இருபது நொடி வைத்தால் ஏழு நிறமும் வந்து நிற்கும்.

விளிம்பில் குளிப்பது, மேலே பறப்பது

டெவில்ஸ் பூல் என்பது லிவிங்ஸ்டன் தீவை ஒட்டி, அருவி விளிம்பிலேயே பாறை வரப்பு தடுத்து உண்டான குட்டை. வரப்பின் அந்தப் பக்கம் நேராகப் பள்ளம். ஜாம்பியா கரையிலிருந்து மட்டும், அனுமதி பெற்றவர்கள் படகில் கூட்டிப்போவார்கள். ஏறக்குறைய ஆகஸ்ட் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை, நீர்மட்டம் இடம் கொடுத்தால். குட்டைக்குப் போய்ச் சேரக் கொஞ்ச தூரம் ஓட்டத்தில் நீந்த வேண்டும். நீச்சல் தெரியாதவர்கள் தீவோடு நின்றுகொள்வது நல்லது. தண்ணீருக்குள் சிறு மீன்கள் காலைக் கடிக்கும். பயத்தில் துள்ளாதீர்கள், துள்ளுவதற்கு அது இடமில்லை.

ஹெலிகாப்டர் சுற்று சுமார் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம். விலை அதிகம்தான், ஆனால் தண்ணீர் நிறைந்த மாதங்களில் அருவியின் முழு நீளத்தையும், ஆறு தரைக்குள் மறையும் அந்தக் கோட்டையும், கீழே வளைந்து போகும் பழைய பள்ளங்களையும் ஒன்றாகக் காட்டிவிடும். ஜாம்பியா பக்கம் மைக்ரோலைட் என்ற சிறு விமானமும் உண்டு, ஒரு விமானிக்கு ஒரு பயணி. பின்னால் சுழலும் விசிறியில் எதுவும் போய் விழக்கூடாது என்பதால் கையில் போன், கேமரா எடுத்துப் போக விடமாட்டார்கள்.

குரங்கு, யானை, கொசு

பூங்கா வாசலிலும் பாலத்தடியிலும் பபூன் குரங்குகள் காத்திருக்கும். அவற்றுக்குப் பிளாஸ்டிக் பை என்றால் சாப்பாடு. கையில் கவர் தொங்கவிட்டு நடக்காதீர்கள். பிடுங்கினால் இழுபறி செய்யாமல் விட்டுவிடுங்கள், பல் நாய்ப்பல்லைவிடப் பெரிது. அருவிக்கு மேலே ஆறு அமைதியாக, கால் நனைக்கக் கூப்பிடுவதுபோல் இருக்கும். முதலையும் நீர்யானையும் உள்ள ஆறு, கரையோரம்கூட தனியாக உட்கார வேண்டாம்.

மலேரியா உள்ள பகுதி இது. தடுப்பு மாத்திரை வேண்டுமா, எது என்பதைக் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். சில மாத்திரைகளைத் திரும்பி வந்த பிறகும் ஒரு வாரம், சிலவற்றை நான்கு வாரம் தொடர வேண்டும். ஊருக்கு வந்ததும் நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. வழியில் கென்யா, எத்தியோப்பியா போன்ற மஞ்சள் காய்ச்சல் நாடுகளில் தங்கி வருவதானால் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே அந்தச் சான்று செல்லும். ஆகவே டிக்கெட் எடுத்த கையோடு அதற்கும் நாள் குறித்துவிடுங்கள்.

விக்டோரியா ஃபால்ஸ் ஊருக்குள் பகலில் காட்டுப்பன்றிகள் சாலையோரப் புல்லை மேய்ந்துகொண்டிருக்கும், யாரும் கண்டுகொள்வதில்லை. இரவில் யானைகள் ஊருக்குள்ளேயே வரும். சாப்பிடப் போன இடம் இருநூறு மீட்டர்தான் என்றாலும் இருட்டிய பிறகு டாக்ஸியில் திரும்புங்கள். சாலையில் யானை நின்றால் ஓட்டுநர் விளக்கைத் தணித்துக் காத்திருப்பார். அவரை அவசரப்படுத்தாதீர்கள்.